கார்டியோவெர்ஷனுக்குச் 'சீர்மீட்பு' பொருந்துமா?

நண்பர்களே,

சீர்கெட்ட இதயத் துடிப்பை மறுபடி இயல்பான சீருக்குக் கொண்டுவரும் சிகிச்சைதான் கார்டியோவெர்ஷன். மின்சாரம் பாய்ச்சிச் செய்யும் எலக்ட்ரிகல் கார்டியோவெர்ஷனுக்குத் தமிழில் இதுவரை இங்கே வந்த சொற்கள் மூன்று: இதயமாற்றம், மின்னதிர்ச்சி மருத்துவம், துடிப்புச் சீராக்கம். மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே இடறுகின்றன.

'இதயமாற்றம்' வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் நோயாளியிடம் "நாளைக்கு உங்களுக்கு இதயமாற்றம்" என்று சொன்னால், வேறு யாருடைய இதயத்தையோ எடுத்து வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் படுத்துவிடுவார். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

'மின்னதிர்ச்சி மருத்துவம்' என்றால் பலருக்கும் மனநல மருத்துவத்தில் செய்வதுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், கார்டியோவெர்ஷனுக்கு மின்சாரம் தேவை என்றே கட்டாயமில்லை. அமியோடரோன், ஃப்ளெகைனைடு போன்ற மருந்துகளாலும் செய்கிறார்கள். ஆகவே 'மின்', 'மருந்து' இரண்டும் அடைமொழியாக முன்னால் வந்து போகட்டும். அடிச்சொல் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

'சீராக்கம்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேஸ்மேக்கரை 'இதயத் துடிப்பு சீராக்கி' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அது உள்ளேயே இருந்து தேவைப்படும்போதெல்லாம் துடிப்பைத் தூண்டுகிற கருவி. கார்டியோவெர்ஷனோ ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியம்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவிலிருந்து வரும் ஒரே உத்தரவுக்கு மேலறைகள் சுருங்குவதுதான் இயல்பு. மேலறை உதறலில் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைச் சொல்கிறேன்; இலங்கை நண்பர்கள் சோணையறை என்று வாசித்துக்கொள்ளுங்கள்) அந்த உத்தரவு எடுபடுவதில்லை. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்னலைகள் ஓடுகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நெளிகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவிலுள்ள ஏவி கணு அவற்றில் சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல். நாடி பிடித்துப் பார்த்தால் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. வேகம் கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம், கெட்டுப்போனது சீர். வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது தனிச் சிகிச்சை முறை, அதற்குத் தனி மருந்துகள் உண்டு. நமது சொல் அதோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்து, டிஃபிப்ரிலேஷன், அதாவது கீழறை உதறும்போது உடனே மின்சாரம் பாய்ச்சி அதை நிறுத்துவது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 1962-இல் பாஸ்டனில் பெர்னார்ட் லவுனும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இங்கே திருப்புமுனை. (உடன் எழுதியவர்களில் ஒருவர் பெயர் அமரசிங்கம்! நம் காதுக்குப் பழகிய பெயர் என்பதால் சொன்னேன்.) மாறுமின்னோட்டத்தை விட்டுவிட்டு, மின்தேக்கியில் சேர்த்த நேர்மின்னோட்டத்தை அவர்கள் பாய்ச்சினார்கள், அதையும் துடிப்போடு ஒத்திசைத்துப் பாய்ச்சினார்கள். இசிஜி-யில் டி அலையின் (கீழறைகள் சுருங்கிய பிறகு மீளும்போது எழும் அலை) உச்சியை ஒட்டிய ஒரு நொடித்துளியில் மின்சாரம் விழுந்தால் கீழறையே உதற ஆரம்பித்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் ஆர் அலையை (கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது எழும் கூரிய அலை) பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும்.

கருவியில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, நெஞ்சில் பட்டைகளை ஒட்டிய பிறகு அதை அழுத்தினால், திரையில் ஒவ்வொரு ஆர் அலையின் தலையிலும் ஒரு குறி விழும். குறி சரியான அலையில்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பாய்ச்சும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவி அடுத்த ஆர் அலைக்குக் காத்திருந்து அப்புறம்தான் பாய்ச்சும். அவசரப்பட்டுக் கையை எடுத்துவிட்டால் பாயாது. பல கருவிகளில் ஒருமுறை பாய்ச்சியதும் ஒத்திசைவு தானாகவே அணைந்துவிடும். இரண்டாம் முறைக்கு மறுபடி அழுத்த வேண்டும். டிஃபிப்ரிலேஷனில் இந்தக் காத்திருப்பே கிடையாது. ஒத்திசைக்க அங்கே ஒழுங்கான ஆர் அலையே இல்லை.

உடலுக்குள் பதிக்கும் ஐசிடி (இம்பிளான்டபிள் கார்டியோவெர்ட்டர் டிஃபிப்ரிலேட்டர்) கருவி இந்த இரண்டையும் செய்கிறது, அதன் பெயரிலும் இரண்டும் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது நடக்காது. டிஃபிப்ரிலேஷனுக்கு 'உதறல்நீக்கம்' போதும். கார்டியோவெர்ஷனுக்கு என் முன்மொழிவு: சீர்மீட்பு. மின் சீர்மீட்பு, மருந்து சீர்மீட்பு.

நாளிதழ்களில் ஏற்கெனவே 'சீரற்ற இதயத் துடிப்பு' என்றுதான் எழுதுகிறார்கள். சீர் அற்றதை மீட்பதால் சீர்மீட்பு. யாப்பில் சீர் என்பது எதைக் குறிக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 'லயமீட்பு' என்றும் யோசித்தேன். ஆனால் லகரத்தில் சொல் தொடங்கலாமா என்று இன்னொரு இழை ஓடும், எனக்குத் தெம்பில்லை.

புழங்குமா என்று ஒரு சோதனை: "உதறல் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது தொடங்கியது என்றே தெரியாவிட்டாலோ, சீர்மீட்புக்கு முன் குறைந்தது 3 வாரம் உறைவெதிர்ப்பு மருந்து தர வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் வழி எதிரொலிப் படம் (எக்கோ) எடுத்து, இடது மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சீர்மீட்புக்குப் பிறகும் குறைந்தது 4 வாரம் மருந்து தொடர வேண்டும்." எனக்கு எங்கும் தட்டவில்லை.

'மீட்பு' என்றால் நிரந்தரமாகக் குணமானது போல ஒலிக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். சீர்மீட்புக்குப் பிறகு உதறல் திரும்ப வருவது சாதாரணம்தான். ஆனால் மீட்ட நகையும் மறுபடி அடகுக்குப் போகிறது. அதற்காக மீட்டது பொய் என்று யாரும் சொல்வதில்லை.

'நாட்பட்ட' என்ற அடைமொழியில் கவனம் தேவை. உதறல் 7 நாளுக்கு மேல் நீடித்தால் ஒரு பெயர், ஓராண்டைத் தாண்டினால் வேறு பெயர். இனி சீரை மீட்க முயலப் போவதில்லை என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால் இன்னொன்று. முதலிரண்டுக்கும் நீடித்த, நெடுநாள் நீடித்த, மூன்றாவதற்கு நிலைத்த. நிலைத்த உதறலுக்குச் சீர்மீட்பு என்று எழுதினால் பொருளே முரண்படும்.

பாக்கி இருப்பது ஏட்ரியல் ஃப்ளட்டர், அதாவது மேலறைகள் மிக வேகமாக, ஆனால் உதறலைப் போலன்றி ஒழுங்காகத் துடிக்கும் கோளாறு. 'படபடப்பு' வேண்டாம், அது நோயாளி தானே உணர்ந்து சொல்லும் அறிகுறி. 'சிறகடிப்பு' எனக்குக் கொஞ்சம் கவிதையாகப் படுகிறது. வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.