ரோமன் வெள்ளிக்காசில் நட்சத்திரக் குறி, 237 என்ற எண்: விளக்கம் தேவை

வணக்கம். என்னிடம் இரண்டு தெனாரியஸ் காசுகள் உள்ளன. ஒன்றில் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, தாடைக்குக் கீழே நட்சத்திரம் மாதிரி ஒரு குறி, பின்பக்கம் நான்கு குதிரை பூட்டிய ரதம். இன்னொன்றில் அப்பல்லோ தலை. பின்பக்கம் ஈட்டியோடு பாயும் குதிரைவீரன், அடியில் கிரெபூசி என்ற பெயர், வீரனுக்குப் பின்னால் ரோமன் எண்ணில் 237. அது அச்சடித்த வருடம் என்கிறார் விற்றவர். சரிதானா? நட்சத்திரம் எதற்கு?

பதில் 1:
வருடம் இல்லை நண்பரே. அந்தக் கால ரோமில் ஆண்டைக் குறிக்க அந்த ஆண்டின் இரண்டு கான்சல்களின் (ஆட்சித் தலைவர்களின்) பெயர்களைச் சொல்வார்கள். உங்கள் காசு கி.மு. 82-இல் கிரெபூசியஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்டது. 237 என்பது பின்பக்க அச்சின், அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் கருவியின், வரிசை எண். அச்சு தேய்ந்தாலோ உடைந்தாலோ அடுத்த எண் போட்ட புதிய அச்சு வரும். இந்த வரிசை 500-ஐயும் தாண்டிப் போகிறது! முன்பக்கத்தையும் பாருங்கள், அப்பல்லோவுக்கு அருகே ஒரு எழுத்தும் ஒரு சின்னமும் இருக்கும். அதுவும் அச்சுக்கான அடையாளம்தான். நாணயச்சாலைக்குள் வேலை எப்படி நடந்தது என்று இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் காசுகள் குறைவு, பத்திரமாக வையுங்கள்.

பதில் 2:
நட்சத்திரத்துக்கு நான் சொல்கிறேன். அதுவும் எண்தான். கி.மு. 211 வாக்கில் தெனாரியஸ் வந்தபோது அதன் மதிப்பு 10 ஆஸ் என்ற வெண்கலக்காசு, அதனால் ரோமன் எண்ணில் 10-ஐக் குறிக்கும் எக்ஸ் எழுத்தைப் போட்டார்கள். பாதி மதிப்புள்ள குயினாரியஸில் வி (5) இருக்கும். கி.மு. 141 வாக்கில் மதிப்பை 16 ஆஸ் ஆக்கினார்கள். கொஞ்ச காலம் 16 என்றே எக்ஸ், வி, ஐ என மூன்று எழுத்தில் முழுதாகப் பொறித்தார்கள், அப்புறம் எழுத்துகளை ஒன்றாக்கி எக்ஸின் நடுவே குறுக்குக் கோடு போட்டார்கள். பார்க்க நட்சத்திரமாகத் தெரிவது அதனால்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி இருவருக்கும். நண்பர் ஒருவரிடம் கப்பலும் கழுகும் உள்ள காசில் 6 என்று இருக்கிறது. அதுவும் அச்சு எண்ணா?

பதில் 1:
இல்லை, அது படைப்பிரிவின் எண். ரோமன் தளபதி மார்க் ஆண்டனி கி.மு. 32-31-இல் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த காசு. எண்ணுக்கு முன்னால் லெக் (படைப்பிரிவைக் குறிக்கும் லெஜியன் என்பதன் சுருக்கம்) என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கிரெபூசியஸ் காசுக்கு இன்னொரு சோதனை: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் 237 எண் உள்ள காசு கிடைத்தால் எழுத்து வடிவத்தையும் குதிரைக் கால்களையும் ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் அடித்தது என்றால் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். எடையும் 4 கிராமை ஒட்டி இருக்க வேண்டும்.