ஆர்எக்ஸ் மேக்னெட்டில் எடை ஏற்றலாமா, கூடாதா?

வெங்கச்சங்கல்:
என் யமஹா ஆர்எக்ஸ் 135 பைக் ரோட்டுக்கு வருவதே இல்லை. பட்டன் டயர் (முண்டு முண்டான காட்டு டயர்) போட்டு, நாகமலை அடிவார வண்டித்தடங்களிலும் உசிலம்பட்டிப் பக்கக் கண்மாய்க்கரைகளிலும்தான் ஓட்டம். முதல் கியரில் மெதுவாகக் கல் மேல் ஏறினால் டப்பென்று ஆஃப் ஆகிறது. முறுக்கினால் பின்சக்கரம் சரளையில் சுற்றி, வண்டி குறுக்கே திரும்புகிறது. இன்ஜின் தண்டோடு சுழன்று ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற காந்தச் சக்கரம்தான் மேக்னெட், ப்ளைவீலும் அதுவே. அதன் வெளிவிளிம்பில் 300 கிராம் இரும்பு வளையம் ஏற்றலாமென்று இருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
வேண்டாம் தம்பி. டூ ஸ்ட்ரோக் என்றாலே சீறல்தான், அதைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன ஓட்டுவது? கணக்கே போடுவோம். 300 கிராம், 5 செ.மீ ஆரம், 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று). அந்த வளையம் கூடுதலாகச் சேர்த்து வைப்பது சுமார் 37 ஜூல். வண்டியும் நீங்களும் 180 கிலோ என்றால், அது உங்களை 2 செ.மீ உயரம் தூக்கும். அவ்வளவுதான். 1500 ஆர்பிஎம்முக்கு இறங்கினால் அதிலும் கால்வாசிதான். இதற்குப் போய் மேக்னெட்டைக் கழற்றுவதா? பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) இரண்டு மூன்று பல் கூட்டுங்கள், கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடுகிற ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் பண்ணுங்கள்.

லேத் அண்ணாச்சி:
கணக்கு சரி, அர்த்தம்தான் தப்பு. மலையேற ப்ளைவீல் உதவும் என்று யாரும் சொல்லவில்லை. பின்சக்கரம் கல் விளிம்பில் முட்டுகிற அந்தக் கணத்தில்தானே இன்ஜின் சாகிறது? 1500 ஆர்பிஎம்மில் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே 40 மில்லிசெகண்ட். அதற்குள் பிஸ்டன் கம்ப்ரஷனைத் தாண்டி மேலே போயாக வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்க நீங்கள் சொல்லும் அந்தக் கொஞ்சமே உதவும்.

ஸ்ப்ராக்கெட் பல் கூட்டினால் ஆஃப் ஆவது குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்துக்குப் போகிற இழுவை இன்னும் கூடி, சரளையில் சுற்றுவதும் கூடுமே! தம்பியின் பாதிப் புகாரே அதுதான். வளையம் போட்டால் ஆர்பிஎம் ஏறுவது தாமதமாகும், டயருக்குப் பிடிக்க நேரம் கிடைக்கும். அதிலும் முதல் கியரில்தான் இது நன்றாகத் தெரியும்.

மேலூர் டூ ஸ்ட்ரோக்:
புல்லட் ஏன் தம் கட்டி ஏறுகிறது என்று யோசித்தாலே போதுமே, அதன் கனமான ப்ளைவீல்தான். அப்புறம், தயவுசெய்து அழகர்மலைக் காட்டுக்குள் யாரும் இறங்காதீர்கள். காப்புக்காடு. மாட்டினால் மொத்தப் பேருக்கும் கெட்ட பெயர்.

கரிசல்காட்டான்:
புல்லட் வேண்டுமென்றால் புல்லட்டே வாங்கலாம். திருமங்கலம் பக்கம் மழைக்குப் பின் கரிசல் மண்ணில் ஓட்டியிருக்கிறீர்களா? மண் அப்பி டயர் உருளையாகிவிடும். அங்கே சட்டென்று சக்கரத்தைச் சுற்றவிட்டு மண்ணை உதறாவிட்டால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். கனமான ப்ளைவீல் அங்கே கழுத்தறுப்பு.

லேத் அண்ணாச்சி:
உங்கள் மண்ணுக்கு நீங்கள் சொல்வது சரி. நாகமலை கல்லும் சரளையும், அது வேறு கதை.

ஆனால் தம்பி, வளையத்தை மேக்னெட்டோடு வெல்டிங் வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சூட்டில் காந்தம் வலுவிழக்கும், ஸ்பார்க் போய்விடும். லேத்தில் கடைந்து, நன்றாகச் சென்டர் பார்த்து, போல்ட்டில் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். போல்ட் தளராமலிருக்க லாக் பசை அவசியம். விளிம்பில் ஒரே ஒரு கிராம் ஒருபக்கம் கூடினாலும் 7500 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 3 கிலோ விசை கிராங்க் பேரிங்கை உலுக்கும், அதுவும் செகண்டுக்கு 125 தடவை. பேலன்ஸ் பார்க்காமல் மாட்டுவதானால் கரிசல்காட்டாரின் பேச்சைக் கேட்டு ஸ்ப்ராக்கெட்டே மாற்றிக்கொள்ளுங்கள்.

மேக்னெட்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியல் ஆகாது. திருப்பி மாட்டும்போது கிராங்க் தண்டின் கூம்பு முனையில் எண்ணெய்ப் பசை இருக்கவே கூடாது. மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்பின் இறுக்கம்தான், நடுவே செருகும் சாவி என்கிற சின்ன இரும்புத்துண்டு டைமிங்குக்காக (ஸ்பார்க் சரியான நேரத்தில் விழ) மட்டும். நட் தளர்ந்தால் சாவி அறுந்து டைமிங் ஓடிவிடும்.

வெங்கச்சங்கல்:
200 கிராமில் தொடங்கட்டுமா அண்ணாச்சி? வளையம் போட்டபின் கவர் மூடுமா என்றும் ஒரு சந்தேகம்.

லேத் அண்ணாச்சி:
200 போதும், ஆனால் விளிம்பிலேயே இருக்கட்டும். ஆரம் பாதியானால் பலன் கால்வாசிதான். வளையத்தின் மேல் கொஞ்சம் பிசைந்த களிமண் ஒட்டி, கவரை மூடிக் கழற்றுங்கள். களிமண் 2 மில்லிமீட்டருக்குக் கீழே நசுங்கியிருந்தால் வளையத்தை இன்னும் கடைய வேண்டும்.

கரிசல்காட்டான்:
செய்வதுதான் செய்கிறீர்கள், முதலில் ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் பண்ணிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பாதி சரியானால் எனக்கு ஒரு ஜிகர்தண்டா.