முகநூலை மறித்த கிழமையும் என் சி.ஆர். கொப்பியும்

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். 2018இல் எனக்குக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. முகநூல் பக்கம் ஒன்றுதான்.

அந்த வருடம் மார்ச்சில் கண்டி, திகனப் பக்கம் முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் மறித்தது. சனிக்கிழமை ஒரு சாமத்தியவீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழா) மூன்று கிலோ கேக் கொடுக்க வேண்டும். தாயார் மெசெஞ்சரில்தான் கதைத்தவ. "கொக்குவில், விலாசம் பிறகு அனுப்புறன்" என்றதோடு நின்றுவிட்டது. போன் நம்பரை நான் கேட்கவேயில்லை. அவவின் முகநூல் பக்கத்தில் இருந்த பெயரும் மகளின் செல்லப்பெயர்.

விபிஎன் போட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவவுக்கு அது தெரியாது. என் மெசேஜ் பார்க்கப்படாமலே கிடந்தது. கேக்கை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் ஓட்டோவில், வாசலில் வாழை கட்டிய வீடாக ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினோம். மூன்றாவது வீடு சரியான வீடு. ஆனால் மத்தியானம் தாண்டி, வேறு இடத்தில் வாங்கிய கேக்கை வெட்டி முடித்திருந்தார்கள். மூன்று நாளாக அவவும் என்னைத் தேடியிருக்கிறா. என் நம்பரும் அவவிடம் இல்லை!

அந்தக் கிழமை முழுக்க சாதாரண கோலும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்தன. அதுதான் என்னை இன்றைக்கும் வருத்துகிறது.

முகநூல் திரும்பி வந்த அன்றே ஒரு சி.ஆர். கொப்பி (கெட்டி மட்டை போட்ட தடித்த கொப்பி) வாங்கி, பழைய மெசேஜ்களைத் தோண்டி ஒவ்வொருவரிடமும் நம்பர் கேட்டு எழுதினேன். பெயர், ஒழுங்கை, பிள்ளைகளின் பிறந்தநாள். பிறகு ஸ்டிக்கர் அடித்தேன். வெறும் விளம்பரத்தை யாரும் வீட்டில் ஒட்டமாட்டார்கள். அதனால் ஏழு நாள் ராகுகாலத்தையும் போட்டு, கீழே என் நம்பர். வருடம் மாறினாலும் கிழித்தெறியத் தேவையில்லை. கேக் பெட்டியோடு ஒன்று கொடுப்பேன். சனசமூக நிலையத்தில் பேப்பர் மேசைக்கு மேலேயும் கேட்டு ஒட்டினேன்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு திரும்பவும் மறித்தார்கள், 30ஆம் திகதி வரை. அப்போது கொண்டாடும் மனம் யாருக்கும் இல்லை. கொப்பியைத் திறந்து வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கோல் எடுத்தேன். "சுகமா இருக்கிறியளா, ஓடரை பிறகு பார்ப்பம்" என்று மட்டும்தான் கதைத்தேன். முற்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். அந்த வீடுகளில் பல இன்றும் என்னிடம்தான் வாங்குகின்றன.

2022 ஏப்ரல் 3 மறித்தது ஒரு நாள்கூட நிற்கவில்லை. கரண்டும் காஸும் இல்லாமல் அலைந்த நேரம், அதை நான் கவனிக்கவே இல்லை. வருடப்பிறப்பு ஓடர்கள் போனில்தான் வந்துகொண்டிருந்தன.

ஸ்டிக்கர் எப்படி அடிப்பது என்று கேட்ட தங்கச்சிக்கு: பூப்படம், கேக் படம் ஒன்றும் வேண்டாம். நம்பரைப் பெரிதாகப் போடுங்கோ. பிரிட்ஜுக்கு முன்னால் நிற்கிற அம்மம்மா கண்ணாடி தேடாமலே வாசிக்க வேணும்.