டைரோஃபிபான் ஓடும்போது தட்டணு திடீரென்று சரிவது ஏன்?

கேள்வி:
ரத்தம் உறையாமல் இருக்க மாரடைப்பில் நரம்பு வழியாக ஏற்றும் டைரோஃபிபான், தட்டணுவின் (பிளேட்லெட்) 2பி3ஏ ஏற்பியை அடைத்து, தட்டணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபைப்ரினோஜென் புரதம் ஒட்டாமல் தடுக்கிறது. அதுவரை சரி. ஆனால் தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் சிலருக்கு 2,00,000 இருந்த தட்டணு 15,000க்கு விழுகிறதே, அது எப்படி? இதே வகை மாத்திரைகள் தோற்றதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1:
காரணம் தேடுமுன் எண் நிஜமா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ சேர்த்த வழக்கமான பரிசோதனைக் குழாயில் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் கருவி குறைத்து எண்ணும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுங்கள். அதிலுள்ள சிட்ரேட் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். ஸ்மியரையும் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில்) பாருங்கள். நிஜமாகவே சரிந்திருந்தால் டைரோஃபிபானை உடனே நிறுத்துங்கள். கூடவே ஓடும் ஹெப்பாரின் (இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்து) மேலும் சந்தேகம் வரும். ஆனால் ஹெப்பாரினால் வரும் சரிவு வழக்கமாக 5 முதல் 10 நாள் எடுக்கும். கடந்த மூன்று மாதத்தில் ஹெப்பாரின் போட்டிருந்தால் மட்டும் முதல் நாளே வரலாம்.

பதில் 2:
ஒரு தட்டணுவில் சுமார் 80,000 2பி3ஏ ஏற்பிகள், சும்மா இருக்கையில் மடங்கியே கிடக்கும். உறைதலைத் தூண்டும் த்ராம்பின் வந்தால், செல்லுக்குள் டாலின், கிண்ட்லின்-3 என்ற புரதங்கள் ஏற்பியின் உட்பக்க வாலை (பீட்டா-3 வால்) பிடிக்க, ஏற்பி நிமிர்ந்து திறக்கும். டைரோஃபிபான் ஃபைப்ரினோஜெனைப் போலவே உட்காருவதால், உள்ளிருந்து கட்டளை வராமலே அதைத் திறந்துவிடுகிறது. அந்தத் திறந்த முகத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி சிலரிடம் முன்கூட்டியே இருக்கும். முதல் டோஸிலேயே சரிவது அதனால்தான்.

இதே ஏற்பியை அடைக்கும் மாத்திரைகளைச் சோதித்தபோது இறப்பு கூடியது. ரத்தத்தில் அளவு இறங்கும் நேரம் மருந்து விலகிய ஏற்பி திறந்தே நின்று ஃபைப்ரினோஜெனைப் பிடித்திருக்கலாம் என்பது விளக்கம். நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஜலன்ஃபிபான் என்ற இதே வகைப் புது மருந்து வேறு வழி: ஏற்பியின் மக்னீசிய அயனியைத் தள்ளிவிட்டு அதை மடங்கிய நிலையிலேயே நிறுத்துகிறது. தோலடி ஊசி என்பதால் ஆம்புலன்ஸிலேயே போடலாம்.

இன்னொரு பாதை, ஃபைப்ரினோஜென் ஒட்டிய பிறகு உள்ளே போகும் சிக்னலை மட்டும் வெட்டுவது. ஜி-ஆல்ஃபா-13 புரதம் பீட்டா-3 வாலில் சேராமல் தடுத்த பெப்டைடு, எலிகளில் ரத்தக்கசிவைக் கூட்டாமலே ரத்த உறைகட்டி வளர்வதைக் குறைத்தது.

பதில் 3:
நிறுத்திய பிறகு தட்டணு ஏற்ற அவசரம் வேண்டாம். ரத்தக்கசிவு இருந்தாலோ 10,000க்குக் கீழே போனாலோ யோசிக்கலாம். டைரோஃபிபான் பிளாஸ்மாவில் தனியாக மிதப்பதால், ஏற்றிய புதுத் தட்டணுவையும் அடைத்துவிடும். இதே வகைப் பழைய மருந்தான அப்சிக்ஸிமாப் அப்படியில்லை, ஏற்பியோடு இறுக ஒட்டிவிடும்; ஏற்றினால் பலன் இருந்தது. டைரோஃபிபானின் அரை ஆயுள் 2 மணி நேரம்தான், ஆனால் சிறுநீரகம் சரியாக இருந்தால். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 60 மி.லி. அல்லது அதற்குக் கீழே என்றால் நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராமை 0.075 ஆக்கியிருக்க வேண்டும். அதைப் பம்பில் மாற்றினார்களா என்று பாருங்கள்.