டர்பன், கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க்: ஒரு வாரத்தில் பேருந்திலும் இரயிலிலும் சுற்ற முடியுமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். தில்லையாடியில் பிறந்து தரங்கம்பாடியில் வாழும் என் அத்தையும் அவருடைய மகனும் ஈஸ்டர் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் திருவிழாவைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை புறப்பட்டு அவர்களுக்கு நாட்டைச் சுற்றிக் காட்ட நினைக்கிறேன். அவர்கள் ஊருக்குத் திரும்பும் விமானம் அடுத்த வாரச் செவ்வாய் இரவு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்படுகிறது. நெடுந்தூரம் கார் ஓட்டுவது எனக்கு இயலாது என்பதால் பேருந்தையும் இரயிலையும் மட்டுமே நம்பியிருக்கிறேன்.

திங்கள் பகலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அன்றிரவே பேருந்தில் ஜோகன்னஸ்பர்க், மறுநாள் பிரிட்டோரியா, புதன் இரவுப் பேருந்தில் கேப் டவுன், ஞாயிறன்று அங்கிருந்து படுக்கை வசதியுள்ள இரயிலில் கிம்பர்லி வழியாக மீண்டும் ஜோகன்னஸ்பர்க் என்று வரிசைப்படுத்தியிருந்தேன். டிக்கெட் எடுக்கப் போனால் எல்லாம் இடிக்கிறது. திங்கட்கிழமைப் பேருந்துகளில் இடமில்லை. கிடைக்கும் ஒரு பேருந்தும் விடியற்காலை நான்கு மணிக்கு ஜோகன்னஸ்பர்க்கில் இறக்கிவிடுகிறது. இரயிலுக்கோ நான் கேட்ட தேதியில் முன்பதிவே இல்லை. அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம். எதை மாற்றினால் இது சரிப்படும்?

மறுமொழி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

வணக்கம் ஐயா. ஊர்களின் எண்ணிக்கை அதிகம்தான் என்றாலும், உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல் நீங்கள் சுற்றும் திசையில் இருக்கிறது. விமானம் ஏற வேண்டிய ஊருக்கு முதலில் வந்து, அங்கிருந்து 1,400 கிலோமீட்டர் விலகிப்போய், கடைசி நேரத்தில் அதே தொலைவைத் திரும்பக் கடப்பதாக அமைத்திருக்கிறீர்கள். பேருந்துக்கே பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாத அந்த வழியில் ஒரு விபத்தோ சாலை மறியலோ நேர்ந்தால் விமானம் போய்விடும். வட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டெய்ன் வழியாக நேரே கேப் டவுனுக்குப் போங்கள். ஜோகன்னஸ்பர்க்கைக் கடைசியாக வையுங்கள். அப்போது உங்கள் இறுதிக் கட்டம் கௌட்ரெயினில் விமான நிலையத்துக்குப் போவதாக அமையும். 2010இல் ஓடத் தொடங்கிய இந்த இரயில் விமான நிலையக் கட்டடத்துக்கே போகிறது; சான்ட்டனில் ஏறினால் கால் மணி நேரப் பயணம்தான்.

திங்கட்கிழமை குடும்ப நாள் விடுமுறை. ஈஸ்டருக்குக் கடற்கரைக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அன்றுதான் என்3 நெடுஞ்சாலையில் வீடு திரும்புவார்கள். அன்று உங்களுக்கு இடம் கிடைத்தாலும் அந்த நெரிசலில்தான் ஊர்ந்து வர வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை புறப்படுங்கள்.

இரயிலைப் பற்றி வருத்தத்துடன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷோஷலோசா மெயில் என்ற நெடுந்தூர இரயில் ஓடிய நல்ல காலத்திலேயே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுன் போக ஏறத்தாழ இருபத்தேழு மணி நேரம் ஆகும். மின்கம்பித் திருட்டாலும் எஞ்சின் பற்றாக்குறையாலும் சேவை பலமுறை நின்றுபோன பிறகு, விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் அதை நம்பித் திட்டமிடுவது சரியாகாது. மெதுவாகச் சுற்ற ஒரு மாதம் இருப்பவருக்கு என் அறிவுரை வேறாக இருக்கும்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, எங்கள் ஊரை இந்தச் சுற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். டர்பனிலிருந்து எண்பது கிலோமீட்டர்தான்; பெட்டிகளை உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட இரயில் நிலையத்தையும், நகரின் நடுவில் இருக்கும் அவருடைய சிலையையும் பார்க்க அரை நாள் போதும். வள்ளியம்மை சிறைவாசம் அனுபவித்ததும் இந்த ஊரில்தான் என்பதை அத்தையிடம் சொல்லுங்கள். இங்கிருந்து காய்ச்சலோடு வெளியே வந்த அந்தப் பெண் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்துபோனார். ஆகவே இந்த இரண்டு ஊர்களையும் இதே வரிசையில் பார்ப்பதுதான் பொருத்தம்.

மறுமொழி (ஃபீனிக்ஸ், டர்பன்)

ஒரு கட்டத்துக்காவது விமானம் பிடியுங்கள். டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு இரண்டு மணி நேரம்தான். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியை ஒரு நாள் முழுக்க இருக்கையில் உட்கார வைப்பது முறையா?

கேள்வி கேட்டவர்

திசையை மாற்றும் யோசனைக்கு மிக்க நன்றி. விடை கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. விமானத்தைப் பற்றிச் சொன்னவரின் கவலை நியாயமானது. ஆனால் நாட்டைத் தரைவழியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டவரே அத்தைதான். நீண்ட பேருந்துப் பயணத்தை எங்கே இரண்டாகப் பிரிக்கலாம்? கிம்பர்லியை இன்னும் சேர்க்க முடியுமா? கேப் டவுனில் எத்தனை நாள் தங்கலாம்?

மறுமொழி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

புளூம்ஃபொன்டெய்னில் பிரியுங்கள். டர்பனிலிருந்து கேப் டவுன் செல்லும் பேருந்துகள் பொதுவாக முற்பகலில் கிளம்பி, இருட்டும் வேளையில் புளூம்ஃபொன்டெய்னைத் தொட்டு, மறுநாள் காலையில் கேப் டவுனை அடையும். செவ்வாயன்று அந்த வண்டியில் ஏறினால் வான் ரீனன் கணவாயையும், ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் தெரியும் மலைகளையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். அன்றிரவு புளூம்ஃபொன்டெய்னில் படுத்துறங்கிவிட்டு, புதன் மாலை அதே சேவையில் மீண்டும் ஏறுங்கள். எஞ்சிய ஆயிரம் கிலோமீட்டரின் பெரும்பகுதி கரூ வறள்நிலம். அதை உறக்கத்தில் கடப்பதால் இழப்பு அதிகமில்லை. டிக்கெட்டை இரண்டு தனித்தனிப் பயணங்களாக எடுங்கள், ஏனென்றால் நடுவில் இறங்கி மறுநாள் ஏறுவதற்கு ஒரே டிக்கெட் செல்லாது.

இரவுப் பயணம் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. உறக்கமும் நிறையாது, போய்ச் சேரும் நேரமும் கெட்டதாக இருக்கும். உங்களுக்கு நான்கு மணி வந்ததற்குக் காரணம் இதுதான். கிம்பர்லிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கேப் டவுனிலிருந்து வரும் வண்டி விடிந்தபின் அங்கே சேருமானால் இறங்கி, 1871 முதல் 1914 வரை வைரத்துக்காக மனிதர்கள் கையாலேயே 240 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய பெருங்குழியைப் பார்த்துவிட்டு மாலை வண்டியைப் பிடிக்கலாம். விடியுமுன் சேருமானால், முதிய ஒருவரை வைத்துக்கொண்டு இருட்டில் பெட்டிகளோடு காத்திருக்காமல் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

மறுமொழி (கேப் டவுன்)

எங்கள் ஊருக்கு வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் ஒதுக்குங்கள். இங்கே முடிவு செய்வது காற்று. காற்று வலுத்தால் டேபிள் மவுண்டன் கம்பி ஊர்தியை நிறுத்திவிடுவார்கள்; கடல் கொந்தளித்தால் ராபன் தீவுப் படகும் போகாது. வியாழன் காலை இறங்கும்போது மலையுச்சி மேகமின்றித் தெரிந்தால் அன்றே ஏறிவிடுங்கள். ராபன் தீவுக்கு வெள்ளிக்கிழமையில் இடம் பிடியுங்கள். அதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமையை உபரியாக விட்டால், தவறிப்போனதை அன்று ஈடுகட்டலாம். ஒன்றும் தவறவில்லையென்றால் சைமன்ஸ் டவுன் போகும் புறநகர் இரயிலில் பகல் வேளையில் ஏறுங்கள். மியூசன்பர்க்கைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். இரயிலில் போக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு இதுவே நல்ல ஈடு.

கேள்வி கேட்டவர்

கேப் டவுனிலிருந்து வரும் வண்டி விடியுமுன்னரே கிம்பர்லியை எட்டுகிறது. ஆகவே அதை விட்டுவிட்டேன். சனி மாலை கேப் டவுனில் ஏறி ஞாயிறு பிற்பகல் ஜோகன்னஸ்பர்க் வந்துவிடுவோம். நாங்கள் அங்கே இறங்க வேண்டிய பார்க் ஸ்டேஷனைப் பற்றிப் பலரும் அச்சுறுத்துகிறார்கள். உண்மை நிலை என்ன? கல்லறை அதற்கு அருகில்தான் இருக்கிறதா?

மறுமொழி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

நிலையத்துக்குள் அச்சமில்லை, வெளித்தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு வழி கேட்டு நிற்பதுதான் ஆபத்து. உதவுகிறேன் என்று பெட்டியில் கை வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே கௌட்ரெயின் நிலையம் இருக்கிறது. காவலரிடமே வழி கேளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் மூவர் போக முடியாது. அத்தை கட்டிவரும் புளிச்சோற்றைப் பேருந்திலேயே முடித்துவிடுங்கள். கௌட்ரெயினில் தண்ணீர் குடிப்பதற்குக்கூடத் தடை உண்டு. ரோஸ்பேங்க் அல்லது சான்ட்டனில் நிலையத்துக்கு அருகே அறை எடுத்தால் பிரிட்டோரியாவுக்கும் விமான நிலையத்துக்கும் அதே இரயில் போதும்.

வள்ளியம்மை அடக்கமான பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டம் பார்க் ஸ்டேஷனுக்கு அருகில்தான். ஆனாலும் நடந்து போகாமல் திங்கள் காலையில் ஊபர் எடுத்துப் போங்கள். 1909இல் சிறையிலிருந்து வந்து இறந்த சத்தியாக்கிரகி நாகப்பனும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தோட்டம் பெரியது, வாயிலில் உள்ள அலுவலகத்தில் இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள். திங்கள் பிற்பகலில் பிரிட்டோரியா போய் மாரபஸ்டாட் மாரியம்மன் கோயிலைப் பார்த்து, இருட்டுமுன் திரும்பிவிடலாம்.

முதலில் சனி மாலைப் பேருந்துக்கு இடம் பிடியுங்கள். பள்ளி விடுமுறையில் அதுதான் விரைவில் நிரம்பும். ஷாப்ரைட், செக்கர்ஸ் கடைகளிலேயே டிக்கெட் எடுக்கலாம். அத்தையின் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.