கலைச்சொல்: 'அல் டென்டே'க்கு என்ன சொல்லலாம்? (பூண்டு, கிரீம் சேர்த்த சிக்கன் பாஸ்தா செய்முறைத் தமிழாக்கம்)

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று பேருக்கான சிக்கன் பாஸ்தா செய்முறை ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. உலர் பென்னே (குழல் வடிவப் பாஸ்தா) 250 கிராம், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 350 கிராம், பூண்டு 6 பல், 35% கொழுப்புள்ள கிரீம் 200 மி.லி., கோழிச்சாறு 100 மி.லி., பார்மசான் சீஸ் 40 கிராம், வெண்ணெய் 20 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அளவுகளில் தகராறு இல்லை. நான்கு சொற்களில்தான் வண்டி நிற்கிறது.

பாஸ்தா எந்த அளவுக்கு வெந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் 'அல் டென்டே' என்ற இடத்தில் இப்போதைக்கு 'அரைவேக்காடாக' என்று போட்டிருக்கிறது. கறியை வறுத்தெடுத்த சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவுக்கு 'அடிப்பிடித்தது'. கிரீம் கெட்டுப்போவதற்கு எல்லா இடத்திலும் 'திரிதல்'. பாஸ்தா வெந்த தண்ணீரைப் 'பாஸ்தா வடிநீர்' என்று எழுதியிருக்கிறது. நான்குமே சரியாகப் படவில்லை. முதல் சொல்லிலிருந்து தொடங்குவோமா?

மடல் 2

> 'அல் டென்டே' என்ற இடத்தில் இப்போதைக்கு 'அரைவேக்காடாக'

இதை முதலில் அடித்துவிடுங்கள். தமிழில் அரைவேக்காடு என்பது குறை. ஆளைத் திட்டவும் அதே சொல்தான். அல் டென்டே குறையல்ல, பாஸ்தா போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான். இத்தாலிய மொழியில் நேர்ப்பொருள் 'பல்லுக்கு'. பல் பட்டதும் மெல்லிய எதிர்ப்பு தெரிய வேண்டும், மாவு ருசி தெரியக் கூடாது.

உள்ளே நடப்பது இது. உலர் பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில் செய்தது. கொதிநீர் வெளியிலிருந்து உள்ளே ஊற ஊற, மாப்பொருள் நீர் குடித்து உப்பிக் களியாகிறது. அதைச் சுற்றியிருக்கும் குளூட்டன் (கோதுமைப் புரதம்) வலை வெப்பத்தில் இறுகி, களியை வெளியே கொட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நேரம் மிஞ்சினால் வலை தளர்ந்து, மேற்பரப்பு கொழகொழவென்று ஆகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகத் தடித்த வளையம் இருந்தால் இன்னும் வேகவில்லை. ஊசிமுனை அளவுக்கு வெளிறிய கோடு மறையப்போகும் தறுவாயில் இருந்தால் அதுதான் நாம் பெயர் தேடும் நிலை.

ஆகவே அளவைச் சொல்லும் சொல் (அரை, முக்கால்) வேண்டாம், நிலையைச் சொல்லும் சொல் வேண்டும். அதற்குப் 'பதம்' என்ற அருமையான சொல் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. பாகுக்குக் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பார்ப்பதும் கண்ணாலும் விரலாலும்தான். இங்கே பல்லால் பார்க்கிறோம். என் பரிந்துரை: கடிபதம்.

மடல் 3

பதம் சரி. ஆனால் கடிபதமா, கடிப்பதமா? பேச்சில் எல்லோரும் 'கடிப்பதம்' என்றுதான் சொல்லப்போகிறார்கள். 'பற்பதம்' என்றால் மூலத்துக்கும் நெருக்கமாக இருக்குமே.

இன்னொரு ஐயம். பாஸ்தாவைப் பாஸ்தா என்றே எழுதுகிறோம், பென்னேயைப் பென்னே என்கிறோம். அல் டென்டேயை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

மடல் 4

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில். பென்னே ஒரு பொருளின் பெயர். பொட்டலத்தின் மேலேயே இருக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அல் டென்டே அப்படியல்ல. அடுப்பின் முன்னால் நிற்பவர் அந்த நொடியில் ஒரு முடிவெடுக்க வேண்டும். சொல்லே சோதனையைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. 'கடிபதம்' என்று படித்தவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். 'அல் டென்டே' என்று படித்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சந்தி: கடிபதம் வினைத்தொகை, குடிநீர், சுடுசோறு, ஊறுகாய் போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே 'ப்' வேண்டாம். பற்பதம் காதுக்குப் பற்பம் என்ற சித்த மருந்துப் பொடியை நினைவூட்டுகிறது. மருந்துக்கடை வாசனை வந்துவிடும்.

'கடி' என்றால் கடி ஜோக் நினைவுக்கு வராதா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வரும். வந்துவிட்டுப் போகட்டும். நன்னூல் கடி என்ற உரிச்சொல்லுக்குப் பதின்மூன்று பொருள் கொடுக்கிறது, புதுமையும் கூர்மையும் அதில் உண்டு. பதினான்காவதாக நகைச்சுவையும் இருந்தால் மொழி ஒன்றும் தேய்ந்துவிடாது.

மடல் 5

கடிபதத்தை ஏற்கிறேன். ஆனால் 'முக்கால் பதத்தை' அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். இந்தச் செய்முறையில் இரண்டும் தேவை.

பாஸ்தாவைக் கடிபதத்தில் வடித்தால் காரியம் கெட்டுவிடும். வடித்த பிறகு அது சாஸுக்குள் இன்னும் 2 நிமிடம் கொதிக்கிறது. கடிபதத்தில் வடித்தது தட்டுக்கு வரும்போது குழைந்திருக்கும். பொட்டலத்தில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 9ஆவது நிமிடம் எடுக்க வேண்டும். அப்போதுள்ள நிலைதான் முக்கால் பதம்: வெளியே வளையும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெளிவாகத் தெரியும். மீதி வேக்காடு சாஸில். கிரீம் சாஸில் கொழுப்பு அதிகம், ஊறக் கிடைக்கும் நீர் குறைவு. அதனால் அங்கே வேகும் வேகமும் குறைவு. வெந்த தண்ணீரில் 100 மி.லி. சேர்க்கச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

எனவே 'முக்கால் பதத்தில் வடிக்கவும், சாஸில் கடிபதத்துக்குக் கொண்டுவரவும்.' மூலத்தில் இரண்டு இடத்திலும் அல் டென்டே என்றே இருக்கிறது என்றால், மூலம் சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது என்றுதான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. 'முக்கால்' என்ற சொல் கோழிக்கறி வரியில் எங்கும் வந்துவிடக் கூடாது. கோழியில் அப்படி ஒரு பதமே கிடையாது. தடித்த பகுதியின் நடுவில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நெஞ்சுக்கறியை ஒரே சீராக 1.5 செ.மீ. தடிமனுக்குத் தட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் ஒரு பக்கம் 4 நிமிடம், மறுபக்கம் 3 முதல் 4 நிமிடம். தடிமன் சீராக இல்லாவிட்டால் வால்பகுதி நாராகும்போது நடு இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

மடல் 6

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன்.

'அடிப்பிடித்தது' என்று எழுதினால் படிப்பவர் சட்டியைத் தேய்க்க எடுத்துப் போய்விடுவார். இந்த உணவின் ருசியில் பெரும்பங்கு அந்தப் படிவில்தான் இருக்கிறது. கறியின் புரதமும் சிறிதளவு சர்க்கரையும் அதிக வெப்பத்தில் சேர்ந்து பழுப்பாகும் மையார்டு வினையின் விளைவு அது. கறியின் ஈரத்தை ஒற்றியெடுப்பதும் இதற்காகவே. ஈரம் இருந்தால் சட்டியின் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும், கறி வெளிறி அவிந்துபோகும். ஒட்டாப் பூச்சுச் சட்டியில் இந்தப் படிவு சரியாகப் பிடிக்காது. எஃகு அல்லது இரும்புச் சட்டி வேண்டும்.

எச்சில் பாத்திரத்தைப் 'பத்துப் பாத்திரம்' என்கிறோமே, அந்தப் 'பத்து' உண்மையில் 'பற்று'. ஒட்டிக்கொண்டிருப்பது. பொருள் அப்படியே பொருந்துகிறது. பழுப்பாக இருந்தால் செம்பற்று, தீய்ந்து கறுத்துவிட்டால் கரிப்பற்று. முன்னதில் சாறு ஊற்றலாம், பின்னதைக் கழுவிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கரிப்பற்றில் கிரீம் ஊற்றினால் கசப்பு முழுவதும் ஏறிவிடும், எவ்வளவு சீஸ் போட்டாலும் மறையாது.

சாறு ஊற்றிப் படிவை விடுவிக்கும் செயலுக்குப் பற்றுக்கரைத்தல். 'சுரண்டுதல்' வேண்டாம். சுரண்டுவதற்குக் கரண்டி போதும் என்று தோன்றும். இங்கே வேலை செய்வது நீர்மம். சூடான சட்டியில் 100 மி.லி. சாறு விழுந்ததும் படிவு இளகும். மரக்கரண்டியால் லேசாகத் தள்ளினால் போதும். சாறு பாதியாக வற்றிய பிறகுதான் கிரீம்.

மடல் 7

செம்பற்று பிடித்திருக்கிறது. ஆனால் இடையில் பூண்டு இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. வரைவில் 'பூண்டைச் சிவக்க வதக்கவும்' என்று இருக்கிறது. பழக்கதோஷத்தில் வந்த சொல். பொடியாக நறுக்கிய பூண்டு சிவந்தால் கசக்கும். கறி எடுத்த சட்டி கொதிப்பாக இருக்கும்; அடுப்பிலிருந்து ஒரு நிமிடம் இறக்கி வைத்து, தீயைக் குறைத்து, வெண்ணெயும் பூண்டும் போட்டு 40 முதல் 60 வினாடி. மணம் எழுந்து, ஓரம் வெளிர் பொன்னிறத்தைத் தொடும்போதே சாற்றை ஊற்றிவிட வேண்டும். சாறு விழுந்ததும் வெப்பம் இறங்கி, பூண்டு அதே நிலையில் நின்றுவிடும். 'பச்சை வாசனை போனதும்' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் புரியும், புதுச்சொல் தேவையில்லை.

மடல் 8

மூன்றாவது சொல். எனக்கு இதுதான் முக்கியம். 'திரிதல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்குப் போட்டிருக்கிறீர்கள். மருந்து வேறு வேறு என்பதால் பெயரும் வேறாக வேண்டும்.

சாஸ் ஒரு பால்மம். கொழுப்புத் துளிகள் நீருக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. வெப்பம் மிஞ்சினாலோ, நீர் வற்றிப்போனாலோ துளிகள் ஒன்றுசேர்ந்து மேலே எண்ணெயாக மினுங்கும். இது பிரிதல். மீட்கலாம். அடுப்பிலிருந்து இறக்கி, பாஸ்தா வெந்த சூடான தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றி வேகமாகக் கலக்கினால், இரண்டு மூன்று கரண்டியில் சேர்ந்துவரும். அந்தத் தண்ணீரில் உள்ள மாப்பொருள் நீர்ப்பகுதியைத் தடிப்பாக்கி, துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது.

திரிதல் வேறு. பால்புரதம் அமிலத்தாலும் வெப்பத்தாலும் கட்டிப்பட்டுக் குருணை குருணையாக நிற்பது. கொழுப்புக் குறைந்த கிரீமையோ பாலையோ எலுமிச்சைச் சாற்றோடு கொதிக்கவிட்டால் இது நடக்கும். 35% கிரீமில் கொழுப்போடு ஒப்பிடப் புரதம் குறைவு, அதனால் தாங்கும். திரிந்ததைப் பழைய நிலைக்குத் திருப்ப வழியில்லை. மிக்சியில் அடித்தால் குருணை பொடியாகும், அவ்வளவே.

சீஸ் திரளுவது மூன்றாவது வகை. கொதிக்கும் சாஸில் பார்மசானைக் கொட்டினால் புரதம் இறுகி, கரண்டியில் கோந்து மாதிரிச் சுற்றிக்கொள்ளும். இதற்குத் திரளுதல் என்றே வைக்கலாம். அடுப்பை அணைத்து, கொதிப்பு அடங்கி அரை நிமிடம் விட்டு, மெல்லியதாகத் துருவியதை மூன்று தவணையாகத் தூவினால் திரளாது. துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்கச் செல்லுலோஸ் போன்ற பொடி சேர்ப்பதுண்டு. அது சாஸை மணல்மணலாக்கும். கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது.

மடல் 9

பிரிதல், திரிதல், திரளுதல் மூன்றும் ஏற்பு. எதுகை அமைந்துவிட்டதால் படிப்பவர் குழப்பிக்கொள்வாரோ என்று ஒரு சின்னப் பயம். முதல்முறை வரும் இடத்தில் 'எண்ணெய் பிரிதல்', 'பால் திரிதல்', 'சீஸ் திரளுதல்' என்று எழுவாயோடு போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

'வடிநீர்' எனக்கு உடன்பாடில்லை. வடிநீர் என்றால் வடித்துக் கொட்டுவது என்றே கை பழகியிருக்கிறது. சல்லடையைத் தொட்டியில் வைத்துக் கவிழ்த்துவிட்டு, அடுத்த வரியில் 'வடிநீர் 100 மி.லி. சேர்க்கவும்' என்று படித்தால் என்ன செய்வது? 'கஞ்சி' என்றால் மாப்பொருள் கரைந்தது என்று உடனே தெரியும். துணிக்குப் போடுவதும் அதே பொருள்தான்.

மடல் 10

கஞ்சி என்று எழுதினால் குடிக்கிற கஞ்சி என்று எடுத்துக்கொள்வார்கள். 'பாஸ்தா கஞ்சி' என்று தலைப்பில் பார்த்தால் அதுவே ஒரு பதார்த்தம் என்றுதான் எனக்குத் தோன்றும். கஞ்சிநீர்?

மடல் 11

கஞ்சிநீரை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். இதுவரை ஒப்புக்கொண்ட சொற்களைப் போட்டுத் திருத்திய வரைவு கீழே. அடித்துத் திருத்துங்கள்.

"2 லிட்டர் தண்ணீரில் 16 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவிடவும். (கஞ்சிநீரும் சீஸும் பின்னால் உப்பைக் கூட்டும், இதற்கு மேல் வேண்டாம்.) பாஸ்தாவைப் போட்டு முதல் 2 நிமிடம் கிளறவும், ஒட்டாமலிருக்கக் கிளறல் போதும், எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. முக்கால் பதம் வந்ததும் ஒரு கோப்பை கஞ்சிநீரை எடுத்து வைத்துவிட்டு வடிக்கவும். குளிர்ந்த நீரில் அலச வேண்டாம், மேலே படிந்த மாப்பொருள் போய்விடும், சாஸ் ஒட்டாது.

கறியை வறுத்து எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே நறுக்கவும். அதே சட்டியில் வெண்ணெய், பூண்டு. பச்சை வாசனை போனதும் சாறு ஊற்றிச் செம்பற்றைக் கரைக்கவும். பாதியாக வற்றியதும் கிரீம் ஊற்றி, சிறு தீயில் 3 நிமிடம். பாஸ்தாவும் 100 மி.லி. கஞ்சிநீரும் சேர்த்து, கடிபதம் வரும்வரை புரட்டவும். அணைத்து, சீஸ் தூவி, கறியையும் தட்டில் தேங்கிய கறிச்சாற்றையும் சேர்க்கவும்."

மடல் 12

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம்.

'கடிபதம் வரும்வரை புரட்டவும்' என்ற இடத்தில் சாஸின் நிலையையும் சொல்லுங்கள். தட்டில் போட்டு ஆறும்போது அது இன்னும் இறுகும். ஆகவே சட்டியில் இருக்கும்போது சற்றுத் தளர்வாக, கரண்டியின் பின்புறத்தில் படிந்து மெல்ல வழிவதாக இருக்க வேண்டும். சட்டியிலேயே கெட்டியாக இருந்தால் மேசைக்கு வருவதற்குள் களியாகிவிடும். இதற்குப் 'படிபதம்' என்று வைக்கலாமா? கடிபதத்துக்கு ஜோடியாகவும் இருக்கும்.

இரண்டாவது, கஞ்சிநீரை எடுத்துவைக்கும் வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அதை வடிக்கும் வரிக்கு முன்னால், தனி வரியாகவே கொண்டுபோய்விடுங்கள்.