ஓப்பன் ரெயில்ஸில் இன்ஜின் வருகிறது, பெட்டிகள் வரவில்லை

போன வாரம் இணையத்திலிருந்து இறக்கிய ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை வகை) ரயில் பெட்டிகளை ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரில் சேர்க்க முடியவில்லை. விண்டோஸ் 11. ஃபோல்டரை டிரெயின்செட்டுக்குள் (இன்ஜின், பெட்டிகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) போட்டு, கான்சிஸ்ட் ஃபைலை (ஒரு ரயிலில் எந்த இன்ஜின், எந்தப் பெட்டிகள் என்ற பட்டியல்) நோட்பேடில் திறந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வேகன்டேட்டா வரி எழுதினேன்: அடைப்புக்குறிக்குள் முதலில் ஃபைல் பெயர், அப்புறம் ஃபோல்டர் பெயர். ஓட்டினால் டபிள்யூஏபி-4 இன்ஜின் மட்டும் தனியாக நிற்கிறது. லாக்கில் ஃபைல் இல்லை என்று எச்சரிக்கை. அதே ஃபைலோ ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது!

கான்சிஸ்ட் ஃபைலை யூடிஎஃப்-16 எழுத்துக் குறியீட்டில் சேமித்துப் பார்த்தாயிற்று. அடைப்புக்குறிகள் சரி, யூஐடி எண் (ஒவ்வொரு வண்டிக்குமான தனி எண்) எதுவும் திரும்ப வரவில்லை. அதே கான்சிஸ்டில் பழைய பெட்டிகளைப் போட்டால் ஒழுங்காக வருகின்றன. புதிய ஃபோல்டரின் பெயர் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, சந்தேகம் அதன்மேல்தான். பெயரை மாற்றினால் ஒலி ஃபைல்களின் பாதை அறுந்துவிடுமோ என்று கை வைக்கவில்லை.

அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் போதுமா, இல்லை ஃபோல்டர் பெயரையே மாற்றியாக வேண்டுமா?